‘புதிய பறவை’: கண் சொன்னதும் நெஞ்சு மறைத்ததும்

உங்கள் வீட்டில் ஒரு விசேஷம். உற்றார் உறவினர் கூடியிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வந்து நின்று, ‘நான்தான் உங்கள் மனைவி’ என்கிறாள். உங்கள் மனைவி இறந்து நாளாயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் வந்தவளுக்கோ அதே முகம். உடன் வந்தவரும் ‘இவளேதான்’ என்று சாதிக்கிறார். கூடியிருப்பவர்கள் உங்களையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். என்ன செய்வீர்கள்?

இந்த ஒரு கேள்வியின் மீது எழுப்பப்பட்ட படம், 1964 செப்டம்பரில் வெளிவந்த ‘புதிய பறவை’. சிவாஜி பிலிம்ஸ் தயாரிப்பு, இயக்கியவர் தாதா மிராசி, உரையாடல் ஆரூர்தாஸ். இதன் கதை நம் மண்ணில் முளைத்ததன்று. 1958இல் மைக்கேல் ஆண்டர்சன் இயக்கிய ‘சேஸ் எ குரூக்கட் ஷேடோ’ என்ற ஆங்கிலப் படத்தில், இறந்துபோன அண்ணன் நான்தான் என்று ஒருவன் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் நுழைகிறான். 1963இல் உத்தம்குமார் நடித்த ‘சேஷ் அங்க’ என்ற வங்காளப் படம் அண்ணனை மனைவியாக மாற்றியது. அங்கிருந்து அது தமிழுக்கு வந்தது. வந்த வழி எதுவானாலும், உளவியல் படிக்கும் மாணவனுக்குத் தமிழில் இதைவிட நல்ல பாடப் படம் அரிது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்வதற்கு முடிவையும் சொல்லியாக வேண்டும். ஆகவே படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து மேலே படியுங்கள்.

நான் இதை முதலில் பார்த்தது பள்ளிச் சிறுவனாக, ராசிபுரத்தை அடுத்த ஓர் ஊரின் டூரிங் கொட்டகையில், தரை டிக்கெட்டில். வெளியாகிப் பல ஆண்டுகள் கழிந்து, தேய்ந்துபோன சுருளாக எங்கள் பக்கம் வந்திருந்தது. அக்கொட்டகையில் இருந்தது ஒரே புரொஜெக்டர். சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. துப்பறியும் படத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஒவ்வோர் இடைவேளையிலும் முறுக்கைக் கடித்தபடி கொட்டகையே வழக்கு விசாரித்தது. என்னை அழைத்துப் போயிருந்த மாமா தறிக்காரர். நூலில் ஒரு இழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுபவர். ‘அவ அவன் சம்சாரந்தாண்டா. மூஞ்சியப் பாத்தாத் தெரியலியா? இவனுக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சு’ என்று தீர்ப்பே எழுதிவிட்டார். நானும் நம்பினேன். அந்த மூன்று இடைவேளைகளில், கோபால் சொல்வது உண்மையாக இருக்குமோ என்று கேட்டவர் ஒருவரும் இருந்ததாக நினைவில்லை.

கதையைச் சுருக்கமாக நினைவூட்டுகிறேன். சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும் செல்வந்தன் கோபால் (சிவாஜி கணேசன்), உடன் பயணம் செய்யும் லதாவையும் (சரோஜாதேவி) அவள் தந்தையையும் (வி.கே. ராமசாமி) சந்திக்கிறான். ஊட்டியிலுள்ள அவன் மாளிகையில் அவர்கள் வந்து தங்குகிறார்கள். காதல் மலர்கிறது. ஆனால் ரயில் வண்டி கடந்து செல்வதைக் கண்டால் கோபால் நிலைகுலைகிறான். காரணம் கேட்ட லதாவிடம் தன் முன்கதையைச் சொல்கிறான். சிங்கப்பூர் விடுதியில் பாடகியாக இருந்த சித்ராவை (சௌகார் ஜானகி) மணந்தான். அவள் குடித்தாள், வீட்டுக்கு அடங்கவில்லை. ஒரு நாள் இரவு வெளியேறி ரயில் முன் விழுந்து மாண்டாள். லதா நம்புகிறாள், நாமும் நம்புகிறோம். அதன்பின் வரவேற்பு விருந்தில், ரங்கன் (எம்.ஆர். ராதா) உடன்வர, ‘சித்ரா’ வந்து நிற்கிறாள். இவள் என் மனைவியல்லள் என்று கோபால் கதறுகிறான். சான்றுகள் ஒவ்வொன்றாகக் கைநழுவுகின்றன. இறுதியில், சித்ரா சாகவில்லை என்று சொல்பவர்களிடம், அவளைக் கொன்றவனே நான்தான் என்று வெடிக்கிறான். அறைந்தான், அவள் விழுந்து இறந்தாள், உடலைத் தூக்கித் தண்டவாளத்தில் போட்டான். அந்தக் கணமே வலை சுருங்குகிறது. லதாவும் அவள் ‘தந்தை’யும் போலீசார். வந்தவள் நடிக்க வந்தவள்.

படத்தைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் குற்ற உணர்ச்சியைப் பற்றியே பேசுவார்கள். அது சரிதான். ஆனால் இன்னொன்றைக் கவனித்தீர்களா? அந்த மாளிகையில் பிழையில்லாத புலன்காட்சி உடையவன் கோபால் ஒருவனே. ‘இவள் சித்ராவல்லள்’ என்று அவன் சொன்னது முழு உண்மை. பித்தனைப் போலப் பிதற்றுகிறான் என்று நாம் நினைத்த வேளையில் அவன் மட்டுமே தெளிவாக இருந்தான். கண் ஏமாந்தவர்கள் கொட்டகையில் உட்கார்ந்திருந்த நாம்.

நாம் ஏமாந்ததற்கு எளிய காரணம் உண்டு. முன்கதையில் வந்த சித்ராவும் இப்போது வந்து நிற்பவளும் ஒரே நடிகை. கண்ணால் கண்டோம் அல்லவா! ஆனால் நாம் சித்ராவைக் கண்டது எத்தனை நேரம்? சில காட்சிகள், ஒரு பாட்டு. அவள் நமக்குப் பழகிய முகமன்று. பழகிய முகத்தையும் பழகாத முகத்தையும் மூளை ஒரே விதமாகக் கையாளுவதில்லை. பழகிய முகத்தை மங்கிய வெளிச்சத்திலும், பல ஆண்டு கழித்தும், பாதி மறைந்திருந்தாலும் கண்டுகொள்வோம். பழகாத முகத்திலோ முடி, நெற்றி, முக அமைப்பு போன்ற மேலோட்டமான அடையாளங்களை மட்டும் ஒப்பிட்டு ‘ஒன்றுதான்’ என்று முடிவுகட்டி விடுகிறோம். 1997இல் பிரிட்டனில் கெம்ப் என்பவரும் அவர் தோழர்களும் ஒரு பல்பொருள் அங்காடியில் இதைச் சோதித்தார்கள். காசாளர்களிடம் வேறொருவர் புகைப்படம் ஒட்டிய கடன் அட்டைகளைக் கொடுத்துப் பொருள் வாங்கச் செய்தார்கள். சோதனை நடக்கிறது என்று தெரிந்திருந்தும், போலி அட்டைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றைக் காசாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். முகத்தைப் பார்ப்பதே தொழிலாகக் கொண்டவர்களின் நிலை இது. என் மாமாவைக் குறை சொல்லி என்ன பயன்?

இனி கோபாலின் நிலைக்கு வருவோம். தன் மனைவியின் முகத்தோடு வந்து நிற்பவளைப் பார்த்து ‘இவள் என் மனைவியல்லள், வேடதாரி’ என்று சொல்லும் நோயாளிகள் உண்மையாகவே இருக்கிறார்கள். 1923இல் ஜோசப் காப்கிரா என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர், தன் கணவரையும் பிள்ளைகளையும் யாரோ எடுத்துக்கொண்டு அவர்களைப் போன்ற போலிகளை வைத்துவிட்டதாக நம்பிய ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அன்றிலிருந்து இந்நோய் காப்கிரா பிறழ்நம்பிக்கை எனப்படுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் இத்தகைய ஓர் இளைஞனை ஆராய்ந்தார். விபத்தில் தலையில் அடிபட்டவன் அவன். பெற்றோரைப் பார்த்து, ‘என் பெற்றோர் போலவே இருக்கிறார்கள், ஆனால் அவர்களல்லர்’ என்பான். அதே பெற்றோர் தொலைபேசியில் பேசினால் உடனே ஏற்றுக்கொள்வான்!

இதன் விளக்கம் மிக நுட்பமானது. முகத்தை அறியும் பணி மூளையின் பொட்டுப் பகுதியில் நடக்கிறது. அங்கிருந்து செய்தி அமிக்டலா என்னும் வாதுமைக் கொட்டை வடிவப் பகுதிக்குப் போகிறது. ‘இவர் நம்மவர்’ என்ற உள்ளக் கசிவை எழுப்புவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அந்த வழி அறுபட்டால், முகம் தெரியும், கசிவு எழாது. தாயின் முகம், ஆனால் தாயைக் கண்ட உணர்வு இல்லை. இந்த முரண்பாட்டைத் தீர்க்க மூளை ஒரு கதை கட்டுகிறது: ‘இவள் போலி’. தோலின் ஈரத்தை மின்கருவியால் அளந்தபோது, நலமுள்ளவர்களுக்குப் பழகிய முகம் கண்டதும் எழும் மாற்றம் இந்நோயாளிகளிடம் எழவில்லை என்பதும் தெரிந்தது. காதின் வழி வேறு; அது கெடவில்லை. தொலைபேசியில் கேட்ட குரல் தாயாகவே இருந்தது அதனால்தான்.

‘புதிய பறவை’யை எடுத்தவர்கள் காப்கிராவைப் படித்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஊட்டிக்கு அன்று ஒரு மனநல மருத்துவரை வரவழைத்திருந்தால், கோபாலின் பேச்சைக் கேட்டு அவர் மனத்தில் முதலில் எழுந்திருக்கக் கூடியது இந்த நோயின் பெயர்தான். நோயாளியின் வாக்கும் உண்மை பேசுபவனின் வாக்கும் இங்கே ஒரே வாக்கியம். வெளியிலிருந்து கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது.

அப்படியானால் வேறுபாட்டை எங்கே தேடுவது? இதுதான் படத்தின் உயிர்நிலை என்று எனக்குத் தோன்றுகிறது. கோபால் நிரபராதி என்று ஒரு நிமிடம் வைத்துக்கொள்வோம். மனைவி ரயிலில் அடிபட்டு மாண்டாள். அவன் கண்ணெதிரில் நடக்கவில்லை. ரயில் ஏறிய உடல்தான் அவனுக்குக் காட்டப்பட்டது. இப்போது அதே முகத்தோடு ஒருத்தி வந்து நிற்கிறாள். அவன் உள்ளத்தில் முதலில் எழ வேண்டியது எது? திகைப்பு. அடுத்து, ‘ஒருவேளை அன்று கிடந்தது வேறு யாராவதோ?’ என்ற ஐயம். எவ்வளவு கசந்த வாழ்க்கையானாலும் ஒரு நொடியாவது நம்பிக்கை எட்டிப் பார்க்கும். கோபாலிடம் ஐயமே எழவில்லை. முதற்கணத்திலிருந்து கடைசிவரை, ‘அவள் செத்துவிட்டாள்’ என்பதில் அவனுக்கு நூற்றுக்கு நூறு உறுதி. அந்த உறுதி எங்கிருந்து வந்தது? தன் கையாலேயே தூக்கிப் போட்டவனுக்கு மட்டுமே அது வரும். அவனைக் காட்டிக்கொடுத்தது அவன் நடுக்கமன்று, அவனுடைய தெளிவு.

குற்றம் கண்டறியும் உளவியலில் இதற்கு ஒரு முறையே உண்டு. அமெரிக்க உளவியலார் டேவிட் லிக்கன் 1959இல் அதை வகுத்தார். ‘நீ செய்தாயா?’ என்று கேட்பதில் பயனில்லை. நிரபராதிக்கும் அந்தக் கேள்வியில் நெஞ்சு படபடக்கும். அதற்கு மாறாக, குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக் கூடிய ஒன்றைப் பல பொய்யான விவரங்களோடு கலந்து வை. திருடு போனது மோதிரமா, கடிகாரமா, சங்கிலியா, பேனாவா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போ. அறியாதவனுக்கு எல்லாம் ஒன்றே. அறிந்தவனின் உடல் ஒன்றில் மட்டும் துள்ளும். ஜப்பானியப் போலீசார் இம்முறையை விரிவாகக் கையாண்டு வருகிறார்கள். ஊட்டி மாளிகையில் நடந்த நாடகம், பாட்டும் பெருஞ்செலவும் சேர்ந்த ஒரு லிக்கன் சோதனைதான். ‘சித்ரா உயிரோடு இருக்கிறாள்’ என்ற பொய்யைக் கண்டு கொதிக்க, அவள் செத்ததை நிச்சயமாக அறிந்த ஒருவனால் மட்டுமே முடியும்.

உண்மை பேசுபோலத் தோன்றும் இன்னொரு தடயம் ரயில். ராசிபுரத்துக்காரனான எனக்கு இதில் ஒரு சொந்த விஷயம் உண்டு. சேலம் – கரூர் பாதை திறக்கப்பட்டு எங்கள் ஊருக்கு ரயில் வந்தது 2013இல்தான். நான் சிறுவனாக இருந்தபோது ரயில் என்பது சேலத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டிய அதிசயம். திரையில் ரயில் வந்ததும் தரை டிக்கெட்டில் இருந்த பிள்ளைகள் எல்லாம் கைதட்டினோம், கோபாலோ நடுங்கினான். ஒரே ரயில். பார்த்தவர்களின் பழைய அனுபவம் வேறு. ரஷ்ய அறிஞர் பாவ்லவ், உணவோடு சேர்த்துப் பழக்கப்பட்ட ஓசையைக் கேட்டு நாய்க்கு எச்சில் ஊறியதைக் காட்டினார் அல்லவா? அச்சமும் அவ்வாறே பழகும். கொடிய நிகழ்ச்சி ஒன்றோடு சேர்ந்து பதிந்த ஓசையோ காட்சியோ பின்னர் தனியே வந்தாலும், அமிக்டலா அறிவைக் கேட்காமலே உடலை உலுக்கிவிடுகிறது. வியர்வை, படபடப்பு, மூச்சிரைப்பு எல்லாம் நினைப்பதற்கு முன்பே வந்துவிடும்.

இதில் படம் காட்டிய சாமர்த்தியத்தைப் பாருங்கள். ரயிலைக் கண்டு நடுங்குவதற்கு கோபால் முதலில் தந்த காரணம், மனைவி ரயிலில் விழுந்து இறந்தாள் என்பது. கடைசியில் வெளிப்பட்ட காரணம், மனைவியின் உடலை அவனே ரயிலுக்கு இட்டான் என்பது. நடுக்கம் இரண்டுக்கும் பொருந்துகிறது. துயரத்தின் நடுக்கமும் குற்றத்தின் நடுக்கமும் உடலில் ஒன்றே. பொய் காணும் கருவி என்று நாளேடுகள் எழுதும் பாலிகிராப், நாடி, மூச்சு, வியர்வை இவற்றைத்தான் அளக்கிறது. பொய்யை அளக்கும் முள் எதுவும் அதில் கிடையாது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2003இல் வெளியிட்ட அறிக்கையும் அக்கருவியை நம்பி ஆட்களைச் சலித்தெடுப்பது ஆபத்தானது என்றே முடிவு செய்தது.

சிவாஜியின் நடிப்பைப் பற்றி ஒரு சொல். இருவகைக் காரணமும் பொருந்தும்படி ஒரு நடுக்கத்தை நடித்துக் காட்டுவது எளிதன்று. குற்றவாளியாக நடித்தால் ரசிகன் முன்பே கண்டுகொள்வான். நிரபராதியாக நடித்தால் முடிவு ஏமாற்று வேலையாகிவிடும். இரண்டாம் முறை பார்க்கும்போதும் பொய்யாகத் தோன்றாத நடிப்பு அது. நிம்மதியைத் தேடி அலையும் அந்தப் புகழ்பெற்ற பாடலில் உடலை வளைத்துக் கையை வீசும் மிகை, இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். என்னைக் கேட்டால், கனவிலே வரும் அச்சம் அளவோடு வருவதில்லை. அங்கே மிகை பொருந்தும். விசுவநாதன் – ராமமூர்த்தியின் பேரிசையும் அவ்வாறே. நாகேஷ் – மனோரமா நகைச்சுவை பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். இறுக்கிக் கட்டிய கயிற்றை நடுநடுவே அவிழ்த்துவிடுகிறது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1954இல், பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்துக் காட்டிய எஸ். பாலசந்தர் நம்மிடையே இருந்தார். எங்கள் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த துப்பறியும் படங்களில் கள்ளனைப் பிடிக்க ஒரு கைகலப்புப் போதும்; இங்கே அடி ஒன்றும் விழவில்லை என்பதே எங்கள் கொட்டகைக்குப் புதுமையாக இருந்தது.

இனி என் குறைகள். பெரியவை இரண்டு உண்டு.

முதலாவது சித்ரா. அவள் குடிகாரி, ஆட்டக்காரி, அடங்காதவள் என்று நமக்குச் சொன்னது யார்? கோபால். முதல் முன்கதை அவன் சொன்னது. அதில் ஒரு பெரும் பொய் இருந்தது என்று பின்னால் தெரிகிறது. கடைசியில் வரும் திருத்திய முன்கதையும் அவன் சொன்னதே. ஒருவன் தன் கதையில் மிக முக்கியமான இடத்தில் பொய் சொல்லியிருக்கிறான் என்று தெரிந்த பிறகு, மீதிக் கதையை மட்டும் ஏன் அப்படியே நம்புகிறோம்? காரணம், அதை நாம் ‘கேட்க’வில்லை, ‘பார்த்தோம்’. அவன் வாய்ச்சொல் திரையில் படமாக ஓடியதால் சாட்சியமாகிவிட்டது. சித்ரா என்ற பெண் தன் வாயால் ஒரு சொல்லும் நமக்குச் சொல்லவில்லை. அவளைப் போலப் பேசியவள்கூடப் போலீசார் அனுப்பிய நடிகைதான். கொலையுண்டவளின் குணத்தைக் கொன்றவன் வாயிலாக மட்டுமே அறிந்துகொண்டு, ‘பாவம், கோபால்’ என்று கண் கசிந்து கொட்டகையை விட்டு வெளியே வந்தோம். ‘அப்படிப்பட்டவள ஒரு அறை அறைஞ்சது தப்பா?’ என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அந்த வயதில் எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரே அறையில் உயிர் போகுமா? போகலாம், இதயம் வலுக்குன்றியவர்களுக்கு அதிர்ச்சியிலும், விழும்போது தலை மோதியும் மரணம் நேர்வதுண்டு. ஆனால் அதற்கும் அவன் சொல்லே ஆதாரம். சட்ட மருத்துவம் இங்கே என்ன சொல்லும்? உயிருள்ள உடலில் காயம் பட்டால் குருதி திசுக்களுக்குள் பாய்ந்து உறையும். காயத்தின் ஓரங்களில் உடலின் எதிர்வினை தெரியும். இறந்த உடல்மீது ரயில் ஏறினால் எலும்பு நொறுங்கும், ஆனால் அவ்வாறான குருதிப்பாய்ச்சல் பெரும்பாலும் இராது. இறந்த சில நிமிடங்களுக்குள் ரயில் வந்திருந்தால் கண்டுபிடிப்பது கடினம் என்பது மெய்; நேரம் கடந்திருந்தால் கவனமுள்ள மருத்துவர் ‘இவள் தண்டவாளத்தில் சாகவில்லை’ என்று எழுதியிருப்பார். சிங்கப்பூரில் நடந்த ஒரு நல்ல பிரேதப் பரிசோதனை, ஊட்டியில் நடந்த இத்தனை நாடகத்தையும் மிச்சப்படுத்தியிருக்கக் கூடும். படமும் இல்லாமல் போயிருக்கும், அது வேறு விஷயம்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. வலை விரித்த போலீசார் கையாண்ட முறையைப் படம் வியந்து பாராட்டுகிறது. அந்த வலையில் விழுந்தவன் குற்றவாளியாக இருந்துவிட்டதால் நாமும் கைதட்டுகிறோம். நிரபராதி ஒருவனை அதே வீட்டில் வைத்து, எல்லாரும் ஒருமுகமாகப் பொய் சொல்லி, சான்றுகளை ஒவ்வொன்றாக அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதற்கு ஆராய்ச்சியின் விடை அச்சமூட்டுவது. 1950களில் சாலமன் ஆஷ் என்பவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோட்டை மூன்றில் தேர்ந்தெடுக்கச் சொன்னார். குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் கூட இருந்தவர்கள் எல்லாரும் அவரிடம் முன்பே பேசிவைத்துக்கொண்டு தவறான கோட்டைக் காட்டினார்கள். சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப்பேர் ஒரு முறையாவது தம் கண்ணை விட்டுக் கூட்டத்தோடு போனார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னால் போதும், அந்தத் தவறு வெகுவாகக் குறைந்துவிட்டது. கோபாலின் மாளிகையில் அந்த ஒருவர் கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

1996இல் சால் காசின் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். மாணவர்களைக் கணிப்பொறியில் எழுத்துகளைத் தட்டச் சொன்னார். ஒரு குறிப்பிட்ட பொத்தானைத் தொடக் கூடாது, தொட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரித்தார். சிறிது நேரத்தில் கணிப்பொறி தானாகவே நின்றது. ‘நீ தொட்டுவிட்டாய்’ என்று மாணவர் மீது பழி விழுந்தது. ஒருவரும் தொடவில்லை. ஆயினும் 100க்கு 69 பேர் ‘நான்தான் தொட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். 28 பேர் அதைத் தாமே உண்மையென நம்பினார்கள். 9 பேர், எப்படித் தொட்டோம் என்ற விவரத்தையும் கற்பித்துச் சொன்னார்கள்! ‘நான் பார்த்தேன்’ என்று ஒரு பொய்ச்சாட்சி சேர்ந்தபோது ஒப்புதல் இன்னும் கூடியது. பொத்தானும் கொலையும் ஒன்றாகுமா என்று கேட்பீர்கள். ஆகாதுதான். ஆனால் செய்யாத கொலையை ஒப்புக்கொண்டு சிறையிலிருந்து, பின்னர் மரபணுச் சோதனையால் விடுதலை பெற்றவர்கள் அமெரிக்காவில் பலர்.

நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் விழிப்போடு இருந்திருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய சட்டமும் அதையே 23ஆம் பிரிவில் கூறுகிறது. பொய் காணும் கருவியையும், மயக்க மருந்து கொடுத்து விசாரிப்பதையும் ஒருவரின் இசைவின்றிச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே லதாவிடம் கோபால் கதறிச் சொன்னது நீதிமன்றப் படியேறும்போது என்னவாகும் என்பது கேள்விக்குறிதான். சிங்கப்பூரில் நடந்த குற்றத்துக்கு ஊட்டியில் வலை விரித்தது யார் அதிகாரத்தில் என்பதையும் வழக்குரைஞர்களுக்கே விட்டுவிடுவோம்.

என் சொந்தக் கணக்கில் ஒன்று பாக்கி. பல ஆண்டுகள் கழித்து இப்படத்தை வீட்டில் மறுபடியும் பார்க்க உட்கார்ந்தபோது, கோபால் சித்ராவை அறையும் காட்சி படத்தின் முற்பகுதியிலேயே வருகிறது என்று என் மருமகளிடம் அடித்துச் சொன்னேன். அந்தக் காட்சி என் கண்ணெதிரே நின்றது. கொட்டகையில் எந்த இடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன் என்றுகூடச் சொல்லியிருப்பேன். ‘அப்படின்னா முன்னாடியே தெரிஞ்சுடுமேங்க மாமா, அப்புறம் என்ன மர்மம்?’ என்று அவள் கேட்டாள். படம் ஓடியது. முதல் முன்கதையில் அறை இல்லை, இருக்க முடியாது. முடிவை அறிந்தபின் என் மூளை பின்னோக்கிப் போய் அக்காட்சியை முன்னால் ஒட்டிவைத்திருக்கிறது. நினைவு என்பது பெட்டியில் பூட்டிய படச்சுருளன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று 1932இலேயே பிரெடரிக் பார்ட்லெட் எழுதினார். 1974இல் எலிசபெத் லாப்டஸ் கார்கள் மோதும் படமொன்றைக் காட்டினார். கார்கள் ‘நொறுங்கி மோதிய’போது வேகம் என்ன என்று கேட்கப்பட்டவர்களில் 50க்கு 16 பேர், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். வெறுமனே ‘மோதிய’போது என்று கேட்கப்பட்டவர்களில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

மாமா இன்று இல்லை. ‘ஆரம்பத்துலயே எனக்குத் தெரியும், அவன்தான் கொன்னுருப்பான்னு சொன்னேனே’ என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். முதல் இடைவேளையில் அவர் எழுதிய தீர்ப்பை நான் நினைவூட்டியதில்லை. அந்த நினைவும் என்னுடையதுதானே; எந்த அளவுக்குச் சரியென்று யார் கண்டார்?

அடுத்த முறை ‘புதிய பறவை’யைப் பார்க்க வாய்த்தால், வரவேற்பில் அந்தப் பெண் வந்து நிற்கும் கணத்தில் அவளைப் பார்க்காதீர்கள். கோபாலின் முகத்தைப் பாருங்கள். அவன் வாய் திறப்பதற்குள் அதில் ஒரு நொடியாவது ஐயம் வந்து போகிறதா என்று கவனியுங்கள். நான் மூன்று முறை பார்த்துவிட்டேன்; எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால், மேலே நான் எழுதியதில் ஒரு பகுதியைத் திருத்த வேண்டியிருக்கும்.